மயக்க வாயுவும் வெள்ளணுக்களும்

1844ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ் வலியின்றிப் பல் பிடுங்குவதற்குப் பயன்படுத்திய நைட்ரஸ் ஆக்சைடு, நூறாண்டுகளுக்கு மேலாகத் தீங்கற்ற வாயுவென்றே கருதப்பட்டு வந்தது. 1956இல் அந்நம்பிக்கை தளர்ந்தது.

டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இரணஜன்னி நோயாளிகளுக்கு இவ்வாயு பல நாட்கள் இடையறாது செலுத்தப்பட்டது. அவர்களுடைய எலும்பு மஜ்ஜையின் செயல் ஒடுங்கி, வெள்ளணுக்கள் பெரிதும் குறைந்ததை லாசன் குழுவினர் கண்டறிந்தனர். நலமுள்ள ஒருவரின் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்கள் இருக்கும். அவை மிகக் குறையுமாயின் கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் குன்றும்.

இதன் காரணம் பின்னரே தெளிவாயிற்று. வைட்டமின் பி12இல் உள்ள கோபால்ட்டை இவ்வாயு ஆக்சிஜனேற்றம் செய்து, அவ்வைட்டமினைச் செயலிழக்கச் செய்கிறது. அதனால் புதிய அணுக்கள் உருவாகத் தேவையான டி.என்.ஏ. ஆக்கம் தடைப்படுகிறது.

இப்பண்பையே மருந்தாக்கவும் முயன்றனர். இரத்தப் புற்றுநோயில் பெருகிய வெள்ளணுக்கள் இவ்வாயுவால் குறைந்தன; ஆயினும் அப்பயன் நிலைக்கவில்லை.

குறுகிய நேர அறுவை மருத்துவத்தில் நலமுள்ளோருக்கு இத்தீங்கு நேர்வது அரிது. பி12 குறைபாடு உடையோர், மீண்டும் மீண்டும் இவ்வாயுவைப் பெறுவோர் ஆகியோர் பால் தனிக் கவனம் வேண்டும். அறுவைக் கூடங்களில் கசியும் வாயுவை வெளியேற்றும் ஏற்பாடும் இன்றியமையாதது. பயன் தரும் மருந்தாயினும், அளவும் காலமும் அறிந்து கையாளும்போதே அது காப்பாகிறது.