காற்றைப் பிழியும் யந்திரம்

ஆடி மாதத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கும் விளக்கேற்ற வேண்டியதும், துவைத்துப் போட்ட துணி மூன்று நாளாகியும் உலராததுமான வண்டிப்பெரியாற்றிலிருந்து ஒருவன், வீட்டு ஏ.சி.யின் பராமரிப்புச் செலவைப் பற்றிப் பேச வருவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நம் தேயிலைத் தோட்டத்து லயங்களில் அந்த யந்திரத்துக்கு வேலையில்லை என்பது உண்மைதான். ஆனால் நம் பிள்ளைகள் எல்லோரும் மலையிலேயே தங்கிவிடவில்லை. பீர்மேடு, குட்டிக்கானம், முண்டக்கயம் என்று சாலை இறங்க இறங்க, முதலில் கம்பளியையும் பிறகு சட்டையின் மேல் பொத்தானையும் கழற்றிக்கொண்டு, கடைசியில் விசிறியைத் தேடும்படியாகிவிடுகிற அந்தப் பிரயாணத்தைச் செய்து, கோட்டயத்திலும் பாலக்காட்டிலும் சென்னையிலும் உத்தியோகம் பார்ப்பவர்கள் இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் இருக்கிறார்கள். 2024-ஆம் ஆண்டுக் கோடையில் பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கை விடுக்கப்பட்டதும், கேரளத்தின் ஒருநாள் மின்நுகர்வு 11 கோடி யூனிட்டைத் தாண்டியதும் நினைவிருக்கும். அந்தப் பிள்ளைகளுடைய வீடுகளில் ஏ.சி. இன்று ஆடம்பரமன்று, உறக்கத்துக்கான சாதனம்.

அந்த யந்திரத்தின் ஸ்வபாவத்தை அறிந்தால்தான் அதன் செலவு புரியும். 1902-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் புரூக்ளினில் இருந்த அச்சகம் ஒன்றில், ஈரக்காற்றினால் காகிதம் ஊதிச் சுருங்கி வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பதியாமல் போன கஷ்டத்தைப் போக்குவதற்காகவே, வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் இதன் முதல் வடிவத்தை அமைத்தார். மனிதரைக் குளிர்விப்பதற்காக அன்று, காற்றின் ஈரத்தை அடக்குவதற்காகவே அது பிறந்தது. ஈரத்தை அடக்குவது எத்தனை பெரிய வித்தை என்பதைத் தேயிலை மண்ணில் பிறந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொழிற்சாலையின் மாடியில், பரப்பிய கொழுந்தின் அடியிலிருந்து காற்றை ஊதி வாடவைக்கும் தளத்தில் வேலை பார்த்த என் தந்தை, சுவரில் தொங்கிய இரண்டு வெப்பமானிகளில் ஈரத்துணி சுற்றியதற்கும் சுற்றாததற்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் பார்ப்பார். பிறகு ஒரு பிடி கொழுந்தை அள்ளி உள்ளங்கையில் அழுத்தி, அது உருண்டையாக நிற்கிறதா, உதிர்கிறதா என்று பார்த்த பின்னரே ஒரு வார்த்தை சொல்வார். மழைக்காலத்தில் வெளிக்காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கையில் கொழுந்து வாட அதிக நேரமாகும், காற்றைச் சூடாக்கும் விறகும் அதிகமாகும். அதே நியாயந்தான் ஏ.சி.க்கும். உள்ளேயிருக்கும் குளிர்ந்த குழாய்ச்சுருளான காயிலின்மேல் காற்று படும்போது, அதிலுள்ள ஈரம் நீர்த்துளியாக மாறி வடிகிறது. புழுக்கம் மிகுந்த நாளில், ஒன்றரை டன் யந்திரம் மணிக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை நீரைப் பிழிந்தெடுக்கும். ஆகவே ஈரநாட்டில் இந்த யந்திரத்தைப் பேணுவதென்பது, காற்று போகும் வழியையும் நீர் போகும் வழியையும் பேணுவதே.

இதை நான் கற்றுக்கொண்டது கோட்டயத்தில், என் தங்கை வீட்டில். மூன்று கோடைகளாக அவள் வீட்டு ஏ.சி. சரியாகக் குளிராமற் போவதும், யாராவது ஒருவர் வந்து "கேஸ் குறைந்துவிட்டது" என்று சொல்லி நிரப்பிவிட்டுப் பல ஆயிரம் ரூபாய் வாங்கிச் செல்வதும் வாடிக்கையாகிவிட்டது. நான் அங்கே தங்கியிருந்த ஓர் இரவில், உள்ளேயிருக்கும் பெட்டியிலிருந்து சொட்டிய நீர் சுவரில் வழிந்து, உறங்கிக்கொண்டிருந்த குழந்தையின் தலையணையை நனைத்தது. மறுநாள் வந்தவர், நம் தோட்டத்து லயத்தில் பிறந்து கோட்டயத்திலே தொழில் செய்து நரைத்த ஒரு மெக்கானிக். அவர் நீர் வடியும் ட்ரெயின் பைப்பைக் கழற்றி ஊதினார். பச்சையும் கறுப்புமாக, விரல்நீளத்துக்குக் கூழ்போன்ற பாசி வெளியே வந்து விழுந்தது. பிறகு சோப்பைக் கரைத்து நுரையாக்கி, செப்புக்குழாய் இணையும் மரைகளிலெல்லாம் தடவினார். ஓரிடத்தில் மட்டும், சிறு மீன் மூச்சுவிடுவதுபோல நுரை மெல்லக் குமிழியிட்டது.

"சமையல் கேஸ் மாதிரி எரிஞ்சு தீர்ற சாமானில்லை தங்கச்சி இது. மூடின குழாய்க்குள்ளேயே சுத்திச் சுத்தி வர்றது. குறைஞ்சிருக்குன்னா, எங்கேயோ கசியுதுன்னு அர்த்தம். ஓட்டையை அடைக்காம ரொப்பினா, அடுத்த வருஷமும் ரொப்பத்தான் வேணும்" என்றார்.

அவர் சொன்னது எல்லோரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய சத்தியம். கசிவைக் கண்டு அடைக்காமல் வருஷந்தோறும் கேஸ் நிரப்புவது பணத்தை மட்டும் விரயமாக்குவதன்று. பழைய யந்திரங்களிலுள்ள ஆர்-22 என்ற கேஸ் ஓசோன் படலத்தைச் சிதைப்பது. புதியவை பலவற்றிலுள்ள ஆர்-32 ஓசோனுக்குத் தீங்கு செய்யாதெனினும், நிறைக்கு நிறை, கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 675 மடங்கு பூமியைச் சூடாக்கும் வல்லமையுடையது.

இனி, வீட்டார் தாமே செய்யக்கூடியவை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, உட்பெட்டியின் முகப்பைத் திறந்து, ஃபில்டரை உருவி, குழாய்நீரில் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுவதற்குக் கால்மணி நேர வேலையே போதும், ஒரு காசும் செலவில்லை. அதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிரமமாகச் செய்தால் காற்று தடையின்றிப் போகும். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் காற்று குறைந்து காயிலில் பனிக்கட்டி படியும். அது உருகித் தரையெல்லாம் நீராகும். கம்ப்ரஸர் ஓய்வின்றி ஓடித் தேயும். வெளிப்பெட்டியின்மேல் துணி உலர்த்துவதும், அதைச் சுற்றிச் சாமான் அடுக்குவதும் கூடாது. காயிலையும் பைப்பையும் தேர்ந்தவர் கையால் கழுவச் செய்வது வருஷத்துக்கு இருமுறை அவசியம். உப்புக்காற்று வீசும் கடற்கரை ஊர்களில் இன்னும் அடிக்கடி வேண்டும். வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம் எழுதுகிறவர்கள், அது கழுவிக் கொடுப்பதற்கு மட்டுமா, உதிரிப்பாகமும் கேஸும் அதில் அடக்கமா என்பதைக் கையெழுத்திடுமுன் கேட்டுத் தெளிய வேண்டும்.

மின்கட்டணமும் பராமரிப்புச் செலவின் உடன்பிறப்பே. கேரளத்தில் மாதம் 250 யூனிட் வரை கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. அதைத் தாண்டினாலோ, முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த விகிதம் விழுகிறது. ஓர் உதாரணக் கணக்கு: மணிக்கு ஒரு யூனிட் இழுக்கும் யந்திரம் இரவு எட்டு மணி நேரம் ஓடினால், மாதத்துக்கு 240 யூனிட், மற்ற உபயோகம் 60, ஆக 300. வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு கூறுகிறது. அதன்படி, 20-ல் வைத்திருப்பதை 24-க்கு உயர்த்தினால் ஏறத்தாழ 58 யூனிட் குறைந்து, மொத்தம் 242-ல் நின்று, அந்த வரம்புக்குள்ளேயே குடும்பம் பிழைத்துவிடும். நட்சத்திர முத்திரை பெற்ற புதிய யந்திரங்கள் 24 டிகிரியிலேயே தொடங்க வேண்டும் என்பது 2020 ஜனவரி முதல் விதியாகியிருக்கிறது. அழுக்கடைந்த ஃபில்டரோ, இந்தச் சிக்கனம் முழுவதையும் ஓசையின்றித் தின்றுவிடும்.

அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு நம் மலையிலிருந்தே போகிறது. நம் ஊர்ப் பாலத்தின்கீழ் ஓடும் பெரியாறு, மலையோடைகளையெல்லாம் சேர்த்துக்கொண்டு இடுக்கி நீர்த்தேக்கத்தில் சங்கமித்து, 1976-ல் தொடங்கப்பட்ட மூலமற்றம் நிலத்தடி மின்நிலையத்தில் சுழலிகளைச் சுழற்றி, 780 மெகாவாட் வரை மின்சாரமாக மாறுகிறது. சமவெளியில் வீணாகும் மின்சாரத்தில் நம் ஆற்றின் நீரும் இருக்கிறது. நம் பிள்ளைகளின் வேர்வையும் இருக்கிறது. ஆகையால் பெற்றோர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசும்போது, "சாப்பிட்டாயா?" என்று கேட்ட கையோடு, "ஃபில்டர் கழுவினாயா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.