வழித்துணைக்கு வந்த கதைமாந்தர்



பிடித்த கதாபாத்திரம் எது என்று கேட்டால் நம்மில் பலருக்கும் ஒரு பெயர் உடனே வாய்க்கு வந்துவிடும். ஏன் பிடிக்கும் என்று கேட்டால்தான் இழுப்போம். நல்லவன், தைரியசாலி, பாவம் என்று எதையாவது சொல்லிவைப்போம். நல்லவர்களும் தைரியசாலிகளும் கதைகளில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை மட்டும் வீட்டு மனிதரைப் போல நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அதற்கு இது காரணமாகாது. காகிதத்தில் பிறந்த ஒருவர் நம்மோடு வருஷக்கணக்கில் கூடவே வருகிறார் என்றால், எழுதியவர் கையில் என்ன வித்தை இருந்தது, படித்த நமக்கு அப்போது என்ன குறை இருந்தது, இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். எனக்கு நெருக்கமான மூன்று பேரை வைத்து இன்று அதைப் பேசலாம் என்றிருக்கிறேன்.

நான் அம்பத்தூர்வாசி. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று சென்னைக்கு மேற்கே இருக்கும் இந்த ஊர்களில், ‘சொந்த ஊர் எது?’ என்று கேட்டால் பாதிப் பேர் வேறு ஏதாவது ஊரைத்தான் சொல்வார்கள். 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அதே பத்தாண்டில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வந்தது. நெல்லையிலிருந்தும் வேலூரிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் ஐ.டி.ஐ. சான்றிதழோடும், தெரிந்தவர் ஒருவரின் முகவரியோடும் வந்து இறங்கியவர்கள் கட்டிய ஊர்கள் இவை. நானும் அப்படி வந்தவன்தான்.

அதனால்தான் என் முதல் ஆள் வந்தியத்தேவன். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாராவாரம் தொடராக வந்தது. அந்த இதழ்களிலிருந்து பக்கங்களைக் கிழித்து, தைத்து, பைண்டு பண்ணி வைத்திருந்த வீடுகள் எத்தனையோ. தலைப்பில் இருக்கும் பொன்னியின் செல்வன் அருள்மொழிவர்மன், பின்னாளில் ராஜராஜ சோழன். ஆனால் வாசகர் போவது வல்லத்து இளவரசன் வந்தியத்தேவன் பின்னால்தான். இது எப்படி நடந்தது?

ராஜராஜனைப் பற்றிக் கல்வெட்டும் செப்பேடும் நிறையவே சொல்கின்றன. அவன் எப்படிப்பட்ட அரசனாக ஆகப்போகிறான் என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். எழுத்தாளரால் அவனைத் தவறு செய்யவிட முடியாது. வந்தியத்தேவனைப் பற்றியோ, ராஜராஜனின் அக்கா குந்தவையின் கணவர் என்று தஞ்சைக் கல்வெட்டு பெயரைச் சொல்கிறது. அவன் குணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தில் கல்கி விளையாடிவிட்டார். அவனை அவசரக்காரனாக்கினார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறவனாக, அந்த நிமிஷத்தில் ஒரு பொய்யைக் கட்டித் தப்பித்துக்கொள்கிறவனாக ஆக்கினார். பெயர்தான் இளவரசன், ஆள நாடு கிடையாது. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொடுத்த ஓலைகளைத் தஞ்சைக்கும் பழையாறைக்கும் கொண்டு சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் அவன் வேலை. ஒவ்வொரு வாசலிலும் ‘நீ யார், எதற்கு வந்தாய்?’ என்று காவலாளி நிறுத்துவான். தெரியாத ஊரில் கம்பெனிக்குக் கம்பெனி கேட்டில் நின்று பதில் சொன்ன ஒருவனுக்கு இந்த ஆளை எப்படிப் பிடிக்காமல் போகும்? அவன் வீரம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவமானப்பட்டுவிட்டு அடுத்த வாசலுக்கு முகம் வாடாமல் போகிறானே, அதைத்தான் நான் அவனிடம் கற்றுக்கொள்ளப் பார்த்தேன். 2022இல் நாவல் படமாக வந்த பிறகு இளைஞர்களுக்கு அவன் நடிகர் கார்த்தியின் முகத்தோடு வருகிறான். மூத்தவர்களுக்கு ஓவியர் மணியம் வரைந்த முகம். முகம் மாறினாலும் அந்தத் துடுக்கு மாறவில்லை.

இரண்டாவது ஆள் ஜமுனா. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலில் வருகிறவள். அந்த நாவல் 1973இல் நூலாக வந்தது. சென்னையில் ஒரு தெரு, அதில் குழாய் வற்றிப்போன வீடுகள், குடத்தைத் தூக்கிக்கொண்டு அலையும் பெண்கள். ஜமுனா சினிமாவில் துண்டு வேஷங்களில் தலைகாட்டுபவள். வாய்ப்பு வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் பாஸ்கர் ராவ் அவளைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறான். தங்கை சாயாவின் கணவன் ராணுவத்தில் எங்கோ தூரத்தில் இருக்கிறான். ஆவடி ராணுவக் குடியிருப்புகளின் பக்கம் வாழ்கிறவர்களுக்கு சாயாவை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அசோகமித்திரனின் கை கல்கியின் கைக்கு நேர் எதிரானது. ஜமுனாவுக்காக அவர் நம்மிடம் வாதாடுவதில்லை. அவள் நல்லவளா கெட்டவளா என்று தீர்ப்பும் தருவதில்லை. தண்ணீர் வந்ததா, எங்கே வந்தது, எத்தனை குடம் கிடைத்தது என்று சொல்லிக்கொண்டே போவார். வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம்வரை போகும் ஜமுனாவுக்குப் பக்கத்து வீட்டு டீச்சரம்மா தன் சொந்தக் கதையைச் சொல்கிறாள். ஆறுதலோ அறிவுரையோ அதில் அதிகம் இல்லை. பிறகு வேலை கிடக்கிறது, தண்ணீர் பிடிக்க வேண்டும். துயரத்துக்கு மருந்தாக ஒரு வேலையைக் காட்டிவிட்டு ஆசிரியர் நகர்ந்துவிடுகிறார்.

முதலில் படித்தபோது இந்த நாவல் எனக்கு வறட்சியாகத்தான் இருந்தது. ஜமுனா உண்மையில் என்னோடு பேசியது 2019 கோடையில். செம்பரம்பாக்கமும் புழலும் காய்ந்து தரை தெரிந்த வருஷம். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்து வில்லிவாக்கத்தில் இறக்கினார்கள். ஒரு நடைக்கு 50 வேகன், 25 லட்சம் லிட்டர். நாங்கள் தினம் வேலைக்குப் போய்வரும் அதே வழியில், ஆவடி, அம்பத்தூர் ஸ்டேஷன்களைக் கடந்துதான் அந்த ரயில் போனது. எங்கள் தெருவில் லாரி ஹாரன் சத்தம் கேட்டதும் பிளாஸ்டிக் குடங்களோடு ஓடிய பெண்களில், சண்டைக்கு நிற்கிறவர், அடுத்தவர் குடத்தையும் வரிசையில் வைத்துக் காப்பவர், யாரோடும் பேசாமல் நிற்பவர் என்று எல்லோரும் இருந்தார்கள். பேசாமல் நின்றவரை அதற்குமுன் நான் கவனித்திருக்க மாட்டேன். ஜமுனாவைத் தெரிந்த பிறகு அவர் வீட்டுக்குள் என்ன நடக்கிறதோ என்று நினைக்கத் தோன்றியது. நாவல் தெருவை மாற்றவில்லை, தண்ணீரும் கொண்டுவரவில்லை. பார்க்கிற கண்ணை மட்டும் கொஞ்சம் திருப்பிவைத்தது.

மூன்றாவது ஆள் பிரமநாயகம் பிள்ளை. புதுமைப்பித்தன் 1940களில் எழுதிய ‘செல்லம்மாள்’ கதையில் வருகிறவர். நெல்லைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, சென்னையில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். சம்பளம் போதாது. குடியிருப்பு நகரத்துக்கு ஒதுக்குப்புறத்தில். வாடகை மலிவு என்று இந்தப் பக்கம் வந்து சேர்ந்த நம்மில் பலருக்கு இது சொந்தக் கதை. மனைவி செல்லம்மாள் நோயாளி. கதை தொடங்கும்போதே அவள் இறந்துவிடுகிறாள். பிறகுதான் அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை வருகிறது.

இதில் காதல் வசனம் என்று ஒன்றும் கிடையாது. கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிற மனுஷன் அடுப்பு மூட்டுகிறார், வெந்நீர் வைக்கிறார், அவளைத் தூக்கி உட்காரவைக்கிறார். ஊருக்குப் போக வேண்டும் என்று அவள் ஏங்குகிறாள். அதற்குப் பணம் இல்லை. புதுமைப்பித்தன் பொதுவாகக் கேலிக்காரர், வேறொரு கதையில் கடவுளையே பட்டணத்துக்கு இழுத்துவந்து கந்தசாமிப் பிள்ளையிடம் மாட்டிவிட்டவர். அந்தக் கை இந்தக் கதையில் கேலியை அடக்கி வைத்திருக்கிறது. பிள்ளையைத் தியாகி ஆக்கவும் அவர் சம்மதிக்கவில்லை. அலுப்பும் இருக்கிறது, அன்பும் இருக்கிறது. இரண்டையும் ஒரே மனுஷனுக்குள் வைத்ததுதான் இதன் நேர்மை. வீட்டில் நெடுநாள் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்குத் தெரியும், அலுப்பு வரும். அலுப்பு வந்ததே என்ற குற்றவுணர்வு அதைவிட வதைக்கும். என் தாயார் படுக்கையில் இருந்த காலத்தில், அலுத்துக்கொள்வதால் அன்பு குறைந்துவிட்டது என்று ஆகாது என எனக்குச் சொன்னவர் பிரமநாயகம் பிள்ளைதான். உறவுக்காரர் யாரும் அதைச் சொல்லவில்லை.

மூன்று பேரும் கனமாகப் போய்விட்டதால், கொஞ்சம் இலேசான இன்னொருவரையும் சொல்லாமல் விட மனமில்லை. தேவனின் துப்பறியும் சாம்பு. வங்கிக் குமாஸ்தாவாக இருந்தவர், அசடு. அவர் தடுமாறி விழுகிற இடத்தில்தான் திருடன் அகப்படுவான். உலகமே அதை மேதைமை என்று கொண்டாடும். மேலதிகாரிகள் சிலர் எப்படி மேலே போனார்கள் என்று புரியாமல் நான் தவித்த நாட்களில் சாம்பு பெரிய தெளிவைக் கொடுத்தார்!

இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். இவர்களில் யாரைப் போலவும் நான் இல்லை. எனக்குக் குதிரை ஏறத் தெரியாது, நான் ஜமுனாவின் துயரத்தைப் பட்டவனும் இல்லை. ஆகவே, நம்மைப் போல இருப்பதால்தான் ஒரு பாத்திரம் பிடிக்கிறது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எந்த இடத்தில் நாம் தனியாக நிற்கிறோமோ, அந்த இடத்தில் முன்பே வந்து நின்ற ஒருவரை எழுத்தாளர் காட்டிக்கொடுக்கிறார். அவரை நாம் விடுவதில்லை. உங்களுக்குப் பிடித்தவர் யார் என்று சொன்னால், உங்களுக்கு எங்கே துணை தேவைப்பட்டது என்று என்னால் ஓரளவு ஊகிக்க முடியும்.

எனக்கு இன்னும் ஒரு துணை பாக்கி இருக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மூன்று ஷிப்டு மாறி மாறி லேத்தில் நின்று, காது மந்தமாகி, பென்ஷன் இல்லாமல் வெளியே வந்த ஒருவரை, விடியற்காலையில் ஆவடியில் கம்பெனி வேனுக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணை, பெயரோடும் குறைகளோடும் கதையில் சந்திக்க ஆசை. என் கைக்கு அவர்கள் இன்னும் வரவில்லை. இந்தப் பக்கத்து இளைஞர்கள் யாராவது எழுதினால், அவர்களை அதிகம் நல்லவர்களாக்கிவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வந்தியத்தேவனுக்குக் கல்கி கொடுத்த அந்தச் சலுகையை அவர்களுக்கும் கொடுங்கள், தவறு செய்யவிடுங்கள்.