வருமுன் காக்கும் கல்வி

(ஓரிக்கையில் கூடிய நமது சங்கக் கல்வி நிதிக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



எழுத்தும் சொல்லும் கற்பிக்கும் தமிழாசிரியராகிய எமக்கு எந்திரக் கல்வியைப் பற்றிப் பேச என்ன உரிமை உண்டு எனத் தங்களுட் சிலர் வினவக்கூடும். உரிமை ஒன்று உண்டு. யாம் தறிவீட்டிற் பிறந்தோம். தறிவீட்டுப் பிள்ளைகளுக்கே இருபது ஆண்டுகளாகப் பாடம் சொல்லி வருகின்றோம். அப்பிள்ளைகளின் கைகால்கள் நலமாயிருத்தல் வேண்டும் என்னும் கவலையே எம்மை இம்மேடையில் ஏற்றியது.

இவ்வாண்டு கல்வி நிதிக்கு வந்த விண்ணப்பங்களுள் ஒன்று, நம் குலத்து நெசவாளர் ஒருவருடைய மகளுடையது. எந்திரப் பொறியியலிற் பட்டம் பெற்ற அப்பெண், தொழிலகப் பாதுகாப்புப் பொறியியல் என்னும் இரண்டாண்டு மேற்படிப்பைக் கற்க விழைகின்றாள். "மேற்பார்வை வேலைக்கு ஒரு மேற்படிப்பா?" என்று கூறிக் குழுவினர் அவ்விண்ணப்பத்தை ஒதுக்கி வைத்தனர். குழுவினர் நல்லெண்ணம் உடையோரே. எனினும், அவர்கள் கருத்து மறுபரிசீலனைக்கு உரியது என்பதைச் சொல்லவே வந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன், துண்டினால் வலக்கையை மூடிக்கொண்டு எம் வீட்டு வாயிலில் வந்து நின்றான். தகடு அழுத்தும் எந்திரத்தில் இரண்டு விரல்களை இழந்திருந்தான். வேலை விரைவாக நடக்கவேண்டும் என்று எந்திரத்தின் காப்புத் தடுப்பைக் கழற்றி வைத்திருந்தார்களாம். "கையை உள்ளே விடும்படி உனக்கு யார் சொன்னார்?" என்பதே மேலாளர் அவனைக் கேட்ட முதற் கேள்வி. இக்கல்வி கற்றவர் அவ்வாறு கேளார். "கை உள்ளே செல்லும்படி வழி ஏன் திறந்திருந்தது?" என்றே கேட்பார். முதற் கேள்வி குற்றவாளியைத் தேடுவது. இரண்டாவது காரணத்தைத் தேடுவது. இவ்வேறுபாட்டை முறையாகப் பயிற்றுவதே இம்மேற்படிப்பின் உயிர்நிலை.

இடரை எவ்வாறு அளப்பது? ஒரு தீங்கு நேர்வதற்குரிய வாய்ப்பையும், நேர்ந்தால் விளையும் கேட்டின் கடுமையையும் சேர்த்தே மதிப்பிடுவர். பின்னர்க் காப்பு முறைகளை ஐந்து படிகளாக வகுப்பர். இடரை அடியோடு நீக்குதல் முதற்படி. தீங்கு குறைந்ததொன்றை அதற்கு மாற்றாக வைத்தல் இரண்டாவது. தடுப்பும் பொறியும் அமைத்தல் மூன்றாவது. விதியும் பயிற்சியும் வகுத்தல் நான்காவது. கையுறை, காலணி, தலைக்கவசம் ஆகியவற்றை அணிவித்தல் ஐந்தாவது, அதாவது கடைசிப் படி. நாமோ கடைசிப் படியையே முதற்படியாகக் கொண்டு மயங்குகின்றோம்.

இதனை நம் தறிக்குழியிலேயே வைத்துப் பார்ப்போம். மழைக்காலத்திற் குழியில் நீர் ஊறுகின்றது. தலைக்கு மேலே விளக்குக் கம்பி; சில வீடுகளில் ஜக்கார்டைத் தூக்குவதற்கு மோட்டாரும் உண்டு. ரப்பர்ச் செருப்பு அணிந்துகொள் என்பது எளிது. ஆனால் மிதியின் அசைவை வெறுங்காலால் உணர்ந்து நெய்பவர் செருப்போடு எங்ஙனம் நெய்வார்? ஆகவே கடைசிப் படி இங்கே பயன்படாது. குழியில்லாத மேடைத்தறிக்கு மாறுதல், குழிக்குச் சுற்றிலும் நீர் புகாத சுவர் எழுப்புதல், மின்கசிவு நேர்ந்த கணமே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சாதனத்தைப் பொருத்துதல் ஆகிய மேற்படிகளையே நாடவேண்டும். சோடாவும் சவுக்காரமும் கலந்த கொதிநீரிற் பட்டின் பசை நீக்கும் சாயச்சாலைக்கும் இதே ஆராய்ச்சி பொருந்தும்.

நம் ஊர்ப் பெயரை நினையுங்கள். திருமழிசையாழ்வாருடன் திருவெஃகாப் பெருமாள் ஓரிரவு தங்கிய இடமாதலின், ஓரிரவிருக்கை என்பது ஓரிக்கை என மருவிற்று என்பர் பெரியோர். ஓரிரவு ஓர் ஊருக்குப் புகழைத் தந்தது. மற்றோர் ஓரிரவு ஒரு நகரத்தையே சுடுகாடாக்கியது. 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு, போபாலில் மீத்தைல் ஐசோசயனேட் இருந்த கலத்தினுள் நீர் புகுந்தது. வெம்மை மிகுந்து நச்சுவாயு வெளியேறிற்று. உறங்கிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். கலத்தைக் குளிர்விக்கும் பொறி முன்னரே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்தொழிக்கும் கோபுரம் பழுதுபார்ப்பதற்காக இணைப்பு நீக்கப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவும் பொறியும் அப்பெருக்கைத் தாங்கவில்லை. ஒரு காவல் தவறியதால் அன்று. காவல்கள் யாவும் ஒருங்கே தவறியதால் விளைந்த கேடு அது.

ஆசிரியராகிய எமக்கு மற்றொரு நாளும் மறக்கவொண்ணாதது. 2004 ஜூலை 16ஆம் நாள், கும்பகோணத்துப் பள்ளியொன்றில், சமையற்கூடத்துத் தீ கூரையிற் பற்றி 94 குழந்தைகளை விழுங்கிற்று. அடுப்பின் அருகே ஓலைக்கூரை. வெளியேறுவதற்கோ குறுகிய வழி. தீப்பிடிக்கும் முன்னரே அவற்றைக் கண்டு சொல்லும் கண் ஒன்று இருந்திருப்பின்! அந்தக் கண்ணைத் தருவதே இக்கல்வி.

இதனைக் கற்பதற்கு வெளிநாடு செல்லவேண்டுவதில்லை. திருச்சிராப்பள்ளித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்திலும், பட்டாசுத் தொழிலுக்குப் பேர்போன சிவகாசிக்கு அண்மையிலுள்ள மெப்கோ ஷ்லெங்க் பொறியியற் கல்லூரியிலும் இம்மேற்படிப்பு கற்பிக்கப்பட்டு வருகின்றது. தீத்தடுப்பு, தொழிலக நலவியல், இடர் ஆய்வு, தொழிற் சட்டம் முதலியன இத்துறையின் பாடங்கள்.

பிழைப்புக்கு வழியுண்டா என்பாருக்கும் விடையுண்டு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 1,000 தொழிலாளருக்குக் குறையாத ஆலைகளிற் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்றது. 2020இல் இயற்றப்பெற்று 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தொகுப்பு அவ்வெண்ணை 500 ஆகவும், அபாயத் தொழில்களுக்கு 250 ஆகவும் குறைத்தது. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் நமக்கு அண்டை ஊர்கள். நம் பிள்ளைகள் நாள்தோறும் பேருந்தேறிச் செல்லும் ஆலைகளே அவை.

அன்பர்களே! அறிவுடைமை என்னும் அதிகாரத்தைத் தொடங்கும்போதே, அறிவின் முதற்பயனாகக் காவலையே வைத்தார் வள்ளுவனார். நேர்ந்த விபத்துக்கு நிதி திரட்டுவதில் நம் சங்கம் ஒருபோதும் பின்வாங்கியதில்லை. விரலிழந்த அம்மாணவனுக்கும் உதவியது. அவ்வுதவியிற் பாதியை, விரல் போகாமற் காக்கும் கல்விக்கு இன்று ஈந்தால் என்ன? ஒதுக்கிய விண்ணப்பத்தை மீண்டும் எடுத்துப் பாருங்கள். சட்டத்தின் ஆய்வாளர் எட்டிப்பாராத நம் வீட்டுத் தறிகளை, விடுமுறைதோறும் வந்து பார்த்து வேண்டும் திருத்தம் கூறுவதாக அப்பெண் எம்மிடம் வாக்களித்துள்ளாள். சங்கம் அளிக்கும் பொருளுக்கு அதுவே வட்டியாகும்.