முதல் பாஸிடம் தோற்று நிற்கும் தம்பிகளுக்கு



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நம் தோல் தொழில் ஊர்களில், ஷூ கம்பெனியிலும் டேனரியிலும் வேலை முடிந்து வீடு திரும்பும் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுப் போனைக் கையில் எடுத்தால் பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்று துப்பாக்கி ஆட்டங்களுக்குத்தான் போவார்கள். அவர்களில் சிலர் இப்போது ஆர்பிஜி பக்கம் வருகிறார்கள். ஒரு கதாபாத்திரத்தை நம்முடையதாக எடுத்துக்கொண்டு, பல வாரம் வளர்த்து, கதையோடு ஆடுகிற ஆட்டம் அது. வந்தவர்களில் பாதிப் பேர் முதல் இரண்டு நாளிலேயே விட்டுவிடுகிறார்கள். "அண்ணே, போற இடமெல்லாம் சாவுறேன், இது நமக்கு ஆகாது" என்கிறார்கள். அந்தத் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்தான் இன்றைய பேச்சு.

பிஜிஎம்ஐயில் பாராசூட்டில் இறங்கும்போது எல்லோரும் வெறுங்கை. அரை மணி நேரத்தில் ஆட்டம் முடிந்து, அடுத்த ஆட்டம் மறுபடி வெறுங்கையில் தொடங்கும். அதில் வளர்வது உங்கள் விரல் வேகம். ஆர்பிஜியில் இரண்டு பேர் வளர்கிறார்கள், நீங்களும் உங்கள் கதாபாத்திரமும். முதல் மணி நேரத்தில் இரண்டு பேருமே பலவீனம். ஆகவே ஆட்டத்தின் மிகக் கடினமான பகுதி பல நேரம் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது.

இது பழைய கணக்கு. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டை வெளியிட்டார்கள். இன்றைய ஆர்பிஜிக்கெல்லாம் மூலம் அதுதான். 1978-ல் வந்த அதன் விதிநூலில், புதிதாகத் தொடங்கும் மந்திரவாதியின் உயிர்ப்புள்ளியை நான்கு பக்கப் பகடை உருட்டி முடிவு செய்வார்கள். பகடையில் அதிகபட்சமே நான்குதான். எதிரியின் நீள வாளுக்கோ எட்டுப் பக்கப் பகடை. ஒரே வெட்டில் கதை முடிந்துவிடலாம். உயிர் நான்கு இருப்பவனுக்கு ஒரு கெட்ட பகடை போதும். நாற்பது இருப்பவன் பல கெட்ட பகடைகளைத் தாங்குவான். தொடக்கத்தில் நீங்கள் தோற்பது பெரும்பாலும் இந்தக் கணக்கால்தான். அதை உங்கள் திறமையின் மேல் வந்த தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஜப்பானில் யூஜி ஹோரி 1986-ல் உருவாக்கிய 'டிராகன் குவெஸ்ட்' தொடக்கத்தின் இந்தச் சிரமத்தைப் புரிந்துகொண்ட ஆட்டம். அதில் செத்தால் அரண்மனைக்குத் திரும்புவீர்கள். பையில் இருந்த தங்கத்தில் பாதி போகும். சம்பாதித்த அனுபவம் போகாது. பாலம் தாண்டினால் எதிரிகள் வலுவாக இருப்பார்கள் என்பது அதன் அமைப்பு. எதிரி திடீரென்று கடுமையானால், பாலத்தைச் சீக்கிரம் தாண்டிவிட்டோம் என்று புரிந்துகொண்டு திரும்பலாம்.

இப்போது 'எல்டன் ரிங்'. 2022 பிப்ரவரியில் வந்தது. இயக்கியவர் ஹிடெடாகா மியாசாகி. புதியவர்களை இதுபோல அழவைத்த ஆட்டம் குறைவு. குகையிலிருந்து திறந்த வெளிக்கு வந்ததும், பொற்கவசம் பூண்ட குதிரை வீரன் ஒருவன் அங்கே உலாவிக்கொண்டிருப்பான். முதலில் கண்ணில் படுகிறவனை முதலில் வெல்ல வேண்டும் என்று நினைத்து அவனிடம் போய் மோதுகிறார்கள். மோத வேண்டியதே இல்லை, சுற்றிக்கொண்டு போகலாம். அவனை அங்கே நிறுத்தியிருப்பதே அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் என்பது என் கருத்து. அடுத்து ஸ்டார்ம்வேல் கோட்டை வாசலில் மார்கிட் என்ற பாஸ், அதாவது வழியை மறிக்கும் பெரிய எதிரி. அவனிடம் தோற்றுத் தோற்று ராத்திரி முழுக்க அங்கேயே கிடப்பவர்கள் ஏராளம். கோட்டையை விட்டுத் தெற்கே போங்கள். ஒரு தீபகற்பமே அங்கே திறந்து கிடக்கிறது. சின்னச் சின்ன எதிரிகள், குகைகள், ஆயுதத்தைக் கூர்தீட்டும் கற்கள் எல்லாம் இருக்கின்றன. லெவல் ஏற்றும்போது வலிமைக்கு முன்னால் உயிர்ப்புள்ளியை ஏற்றும் 'விகர்' என்ற பண்பைக் கூட்டுங்கள். அடி வாங்கித் தாங்கினால்தான் எதிரி எப்படி அடிக்கிறான் என்று பார்க்கவே முடியும். கவசத்தையும் ஆயுதத்தையும் அளவுக்கு மேல் சுமக்காதீர்கள். தாங்கும் எடையில் 70 சதவீதத்தைத் தாண்டினால் உருண்டு தப்பிக்கும் அசைவு மந்தமாகிவிடும். லெவல் ஏற்றவும் பொருள் வாங்கவும் செலவழிக்கும் நாணயம் 'ரூன்'. செத்தால் கையில் இருந்த ரூன் எல்லாம் செத்த இடத்தில் விழும். எடுக்கப் போகும் வழியில் இன்னொரு முறை செத்தால் மொத்தமும் போச்சு. பாஸ் அறைக்குள் நுழையும் முன்பே அதைச் செலவழித்துவிடுங்கள்.

ஷூ கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவரை அன்றைக்கே ஷூவின் மேல்பகுதியான அப்பரைத் தைக்கும் மெஷினில் உட்கார வைப்பதில்லை. ஹெல்பராக நூல் வெட்டி, பசை தடவி, தையல் போகும் வழிக்குக் கண் பழகிய பிறகுதான் மெஷின். இந்த ஆட்டங்களில் அப்படிப் பார்த்து அனுப்பும் சூப்பர்வைசர் இல்லை. எதற்குத் தயார், எதற்கு இன்னும் இல்லை என்று நீங்கள்தான் கணிக்க வேண்டும்.

சில இடங்களில் லெவல் ஏற்றுவதைவிட வேறு வழி தேடுவதே எளிது. 1996-ல் வந்த முதல் 'போக்கிமான்' ஆட்டத்தில் தீ உமிழும் சார்மாண்டரைத் தேர்ந்தெடுத்த பிள்ளைகள், 'ஜிம்' என்ற போட்டிக் கூடங்களில் முதலாவதில், அதன் தலைவன் பிராக்கின் பாறைப் போக்கிமான்களிடம் மாட்டிக்கொண்டார்கள். பாறைக்குத் தீ அவ்வளவாக உறைக்காது. பிறகு வந்த மஞ்சள் பதிப்பில் எல்லோருக்கும் பிக்காச்சு என்ற மின்சாரப் போக்கிமான்தான். அதன் மின்சாரம் பிராக்கின் போக்கிமான்களை ஒன்றுமே செய்யாது. ஆனால் அந்த ஜிம்முக்குப் போகும் முன்பே, பக்கத்துப் பாதை ஒன்றில், பாறையை உடைக்கும் மங்க்கி என்ற சண்டைக்காரப் போக்கிமானைப் பிடித்துக்கொள்ளலாம். சிக்கலை வைத்தவர்களே தீர்வையும் அருகில் வைத்திருந்தார்கள். ஓரிடத்தில் மாட்டிக்கொண்டால், அதற்கு முன் கடந்துவந்த ஊரையும் கடையையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

நம் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு தடை இருக்கிறது. விதிகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஆகவே டுடோரியலைப் படிக்காமல் தட்டித் தள்ளிவிடுகிறார்கள். துப்பாக்கி ஆட்டத்தில் அது பெரிய நஷ்டமில்லை. ஆர்பிஜியில் பாதி ஆட்டமே அந்த எழுத்தில்தான் இருக்கிறது. போனில் உள்ள மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து, போனின் கேமராவை ஆட்டத் திரையின் பக்கம் காட்டினால் ஓரளவு தமிழில் வந்துவிடும். மெதுவாகப் போகும்தான், போகட்டும். மூன்று நாள் படித்தால் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் பழகிவிடும்.

போனில் இலவசமாகக் கிடைக்கும் 'கென்ஷின் இம்பாக்ட்' ஆடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எதிரியின் பனிக் கேடயம் உடையவில்லை என்றால் பணம் கட்டிப் புதிய கதாபாத்திரத்துக்குக் குலுக்கல் போடாதீர்கள். ஆட்டம் தொடக்கத்திலேயே சும்மா தரும் ஆம்பர் என்ற கதாபாத்திரத்தின் தீ அம்பு அதை உடைக்கும். தொடக்கச் சிரமத்தைக் காட்டி உங்கள் சம்பளத்தை வாங்க எந்த ஆட்டத்தையும் விடாதீர்கள்.

கடைசியாக, நேரம். ஓவர்டைம் முடித்து வருகிறவருக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரம் கிடைப்பதே பெரிது. அந்த ஒரு மணியை ஒரே பாஸிடம் அடி வாங்கிக் கழிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. 2023-ல் பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3'-ல் எதிரியைக் குறி வைத்ததும் அடி படும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று திரையிலேயே வரும். மேட்டில் ஏறி நின்று அம்பு விட்டால் அந்த எண் கூடும். உருவாக்கிய கதாபாத்திரம் சரியில்லை என்றால் முகாமில் 100 தங்கம் கொடுத்து அதன் வகுப்பையும் திறன்களையும் மாற்றிக்கொள்ளலாம். 'எக்ஸ்ப்ளோரர்' என்ற எளிய நிலையும் உண்டு. ஆட்டத்தின் நடுவிலேயே அதற்கு மாறலாம், தெம்பு வந்ததும் திரும்பலாம். எளிய நிலையில் ஆடுவது கௌரவக் குறைச்சல் என்று நண்பர்கள் சொன்னால் கேட்காதீர்கள். அந்த நிலையையும் ஆட்டத்தைச் செய்தவர்கள்தான் உட்கார்ந்து செய்து வைத்தார்கள். உங்கள் ஆட்டத்தில் அப்படி ஒரு நிலை இருந்தால், இன்று இரவு செட்டிங்ஸைத் திறந்து மாற்றிவிட்டு ஆடிப் பாருங்கள்.