வீட்டையும் பொருளையும் எழுதி வைப்போம்

 

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் நமது கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்த படகுகளை நம் ஊர்ப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வடமாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட காலம் அது. யாழ்ப்பாணத்து மக்களுக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள். மன்னார்த் தீவு மக்களுக்குச் சில தினங்கள். எருக்கலம்பிட்டி, தாராபுரம் போன்ற ஊர்களிலிருந்து மழைக்காலக் கடலில் படகேறி வந்தவர்களைப் புத்தளம் மாவட்டத்து மக்கள் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் தென்னந்தோப்புகளிலும் தங்க வைத்தனர். வந்தவர்கள் கொண்டு வந்தவை உடைகளும் சிறிதளவு பணமும் மாத்திரமே. நகைகள் வழியிலேயே பறிக்கப்பட்டிருந்தன.

அக்காலத்து முகாம் ஒன்றில் இழப்பு விபரப் படிவம் நிரப்பப்பட்டபோது நான் அருகில் இருந்தேன். ஒரு தாயார் தமது வீட்டின் கதவுகளை எண்ணிச் சொன்னார். எத்தனை யன்னல்கள், கிணற்றுக்கட்டு எந்தப் பக்கம், எத்தனை தென்னைகள் காய்க்கின்றன, அறைக்குள் இருந்த அலுமாரி என்ன மரம் என்பதையெல்லாம் ஒன்றும் விடாமல் கூறினார். எழுதியவர், "உம்மா, காணி உறுதியின் இலக்கம் என்ன?" என்று கேட்டார். அவர் மௌனமானார். உறுதி எழுதிய நொத்தாரிசின் பெயரும் தெரியவில்லை. "எல்லாம் அவருக்குத்தான் தெரியும்" என்றார். அவருடைய கணவர் மௌத்தாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. படிவத்தில் அந்த இடம் வெறுமையாகவே விடப்பட்டது.

சகோதரர்களே! அந்த வெற்றிடத்தைப் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகிறேன்.

காணி உறுதி தொலைந்தால் காணியே தொலைந்தது என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. நமது நாட்டுச் சட்டப்படி ஓர் உறுதி நிறைவேற்றப்படும்போது, நம் கைக்கு வருவது ஒரு பிரதி மாத்திரமே. வேறொரு பிரதி நொத்தாரிசின் கோவையில் இருக்கும். மற்றொன்றை அவர் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆகவே உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகிய மூன்றையும் அறிந்தவர் பதிவகத்தில் கட்டணம் செலுத்தி, சான்றுப்படுத்திய பிரதியைப் பெற முயலலாம். அரச காணிக்கு உத்தரவுப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோ பெற்றவர்கள் பிரதேச செயலகத்தை நாட வேண்டும். அதற்கும் பத்திரத்தின் இலக்கம் வேண்டும். ஒரு தாளின் கால்வாசியில் அடங்கிவிடும் விபரம் இது.

வடபுலத்து மக்களின் இழப்பைக் கணக்கெடுத்து எழுதி வைத்தவர்களுள் பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியற் பேராசிரியர் மர்ஹூம் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் அவர்கள் முதன்மையானவர். அவரும் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவரே. 2018இல் காலமாகும் வரை அம்மக்களின் காணி உரிமைக்காக எழுதியும் பேசியும் வந்தார். பிறருடைய காணியைப் பத்து வருடங்கள் தடையின்றி ஆண்டவர் அதற்கு உரிமை கோர இடமளிக்கும் ஆட்சியுரிமைச் சட்டம் நம் நாட்டில் உண்டு. வெளியேற்றப்பட்டோர் திரும்ப இயலாதிருந்த காலத்தை அந்தக் கணக்கிலிருந்து நீக்குவதற்காக 2016இல் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் நிறைவேற்றப்பட்டது. சட்டம் கதவைத் திறந்தாலும், வழக்காடச் செல்பவர் தம் கையில் எதையேனும் வைத்திருக்க வேண்டுமல்லவா?

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அல்பகறா அத்தியாயத்தின் 282ஆவது வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியும் சாட்சிகள் வைப்பது பற்றியும் அது பேசுகிறது. சிறியதாயினும் பெரியதாயினும் எழுதச் சோர்வடைய வேண்டாம் என்ற கருத்தும் அதில் உண்டு. அவ்வசனம் கடனைப் பற்றியதே, வீட்டுப் பொருட்களின் பட்டியலைப் பற்றியதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் எழுத்தை இவ்வளவு கண்ணியப்படுத்திய வேதத்தை ஓதும் நமது வீடுகளில், வாங்கிய பொருளின் பற்றுச்சீட்டு மறுநாளே அடுப்புக்குள் போவது வேதனைக்குரியது.

இனி காப்புறுதிக்கு வருவோம். வழமையான காப்புறுதி ஆகுமா ஆகாதா என்னும் ஆய்வு இவ்வுரையின் நோக்கமன்று. 1999 முதல் நம் நாட்டில் தகாபுல் முறையும் நடைமுறையில் உள்ளது. எந்த முறையாயினும், இழப்பு நேர்ந்தபின் வரும் மதிப்பீட்டாளர் கேட்பது ஒன்றுதான்: இந்த வீட்டில் இந்தப் பொருள் இருந்தது என்பதற்கு ஆதாரம் என்ன? காணிக்காவது பதிவகம் உண்டு. குளிர்சாதனப் பெட்டிக்கும் தையல் இயந்திரத்துக்கும் வலைக்கும் எந்தப் பதிவகமும் இல்லை. நீங்கள் எழுதி வைத்ததே அவற்றுக்குரிய பதிவகம்.

காப்புறுதிப் பத்திரத்தைக் கையெழுத்திடுமுன் வாசித்துப் பாருங்கள். தீ விபத்துக்கான பத்திரம் கலவரத்தையும் தானாகவே உள்ளடக்கும் என்று எண்ண வேண்டாம். வேலைநிறுத்தம், கலவரம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான பாதுகாப்பைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். 2018 மார்ச்சில் திகனவிலும், 2019 மே மாதத்தில் நமது மாவட்டத்துக் கொட்டாரமுல்லையிலும் நடந்தவற்றைக் கண்டபின் இதை விரித்துரைக்கத் தேவையில்லை. நகைகளுக்கும் பணத்துக்கும் பெரும்பாலும் தனி வரையறை இருக்கும்.

கட்டணம் குறையட்டும் என்று பெறுமதியைக் குறைத்துக் கூறுவோரும் உளர். 40 இலட்சம் ரூபா பெறுமதியான வீட்டை 20 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்து, 10 இலட்சம் நட்டமடைந்தால், பல பத்திரங்களின் நிபந்தனைப்படி கிடைக்கக்கூடியது 5 இலட்சமே. பாதியைக் காத்தவருக்குப் பாதிதான் என்பது அதன் கணக்கு.

இளைஞர்களே! இப்பணி உங்களுக்குரியது. கையடக்கத் தொலைபேசி எந்நேரமும் உங்கள் கையிலேயே இருக்கிறது. ஒரு மாலைப் பொழுதில் அஸருக்குப் பின் வாசலிலிருந்து தொடங்கி அறை அறையாகச் சென்று படம் எடுங்கள். கூரை, சுவர், மின்னிணைப்பு, கிணற்று மோட்டார் எதையும் விட வேண்டாம். இயந்திரப் பொருட்களின் பின்புறத்தில் பொறிக்கப்பட்ட தொடர் இலக்கத்தை நெருங்கி நின்று படமெடுங்கள். கடற்றொழில் செய்யும் குடும்பமாயின் படகின் பதிவு இலக்கம், இயந்திரத்தின் இலக்கம், வலைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறியுங்கள். வாடியில் கிடக்கும் பொருளும் பொருளே. கடைகளில் இயந்திரம் அச்சிட்டுத் தரும் பற்றுச்சீட்டின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். ஆகவே வாங்கிய அன்றே அதைப் படமெடுத்து, வாங்கிய வருடம், கடை, விலை மூன்றையும் கொப்பியில் எழுதுங்கள்.

பட்டியலை எழுதும்போது உம்மாவை அருகில் அமர்த்திக் கொள்ளுங்கள். எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்பதை வீட்டில் அறிந்தவர் அவரே. மஹராகக் கிடைத்த நகை அவருக்குரியது. அதன் நிறையையும் படத்தையும் அவர் பெயரிலேயே பதியுங்கள். தந்தையரே! உறுதி எங்கே இருக்கிறது, அதன் இலக்கம் என்ன என்பதை மனைவிக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் இன்றே சொல்லுங்கள். இதைச் சொல்வது மௌத்தை அழைப்பதாகாது. நம்மவரிடையே அப்படியொரு தயக்கம் இருப்பதை நான் அறிவேன்.

மற்றொன்றையும் வெளிப்படையாகக் கூற வேண்டும். பழுதடைந்து மூலையிற் கிடந்த தொலைக்காட்சியைப் புதியதென்று எழுதுவதும், இல்லாத வளையலை இருந்ததாகக் கூறுவதும் மோசடியாகும். தகாபுல் நிதியாயின் அது பல குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து இட்ட பணம். உண்மையாக இழந்தவர் ஒருவரின் பங்கை நாம் எடுத்துவிடுகிறோம். முன்கூட்டியே எழுதிய பட்டியல் அத்தகைய ஆசைக்கும் வழியடைத்துவிடும்.

எழுதியதை எங்கே வைப்பது? அதே வீட்டு அலுமாரியில் மட்டும் வைத்தால் வீட்டோடு அதுவும் போகும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கிழக்குக் கரையில் வீடுகளை அடித்துச் சென்றபோது, அலுமாரிக்குள் பத்திரமாக வைக்கப்பட்ட உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் சேர்ந்தே போயின. நாமும் கடலுக்கும் களப்புக்கும் இடையில் வாழ்பவர்கள். ஆகவே ஒரு நிழற்பிரதியை வேறு ஊரில் வசிக்கும் நம்பிக்கையான உறவினரிடம் கொடுங்கள். படங்களை உங்களுடைய மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். தொலைபேசி நீரில் விழுந்தாலும் அவை இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை, நோன்புப் பெருநாளைக்கு வீட்டைத் துப்புரவு செய்யும் நாட்களில், பட்டியலைத் திருத்திக் கொள்ளுங்கள். ஸகாத்துக்காகக் கணக்குப் பார்க்கும் கொப்பியின் பின்பக்கமே இதற்குப் போதும். முதல் வரியில் உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள்.