மணிமேகலையும் நம்ம பிடி அரிசியும்
(ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். தப்பா பேசினா பொறுத்துக்குங்க.

என் மகள் டிவியில் மாயாஜாலத் தொடர் பார்ப்பாள். அதில் ஒரு சின்னப் பொண்ணு பறந்து போய் ஊரையே காப்பாத்தும். “நம்ம ஊர்ல இப்படி யாரும் இல்லையாம்மா?” என்று கேட்டாள். “ஏன் இல்லை, மணிமேகலை இருக்காளே” என்றேன்.

சீத்தலைச் சாத்தனார் எழுதிய காப்பியம் அது. கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த பொண்ணு மணிமேகலை. பூம்புகாரில் பூப்பறிக்கப் போன இடத்தில் இளவரசன் அவளைத் தேடி வர்றான். கடல் தெய்வம் அவளைத் தூங்கவைத்து, தூக்கிட்டுப் போய் மணிபல்லவத் தீவில் விட்டுடுது. கண் முழிச்சா தெரிஞ்ச முகம் ஒண்ணு இல்லை. வானத்தில் போக, வேறு உருவம் எடுக்க, பசி தாங்க என்று மூணு மந்திரம் அங்கே கிடைக்குது. கோமுகிப் பொய்கையில் அமுதசுரபியும் கிடைக்குது. அந்தப் பாத்திரத்தில் அள்ள அள்ளச் சோறு குறையாது.

ஆனா ஒண்ணு கவனிங்க. ஊருக்குத் திரும்பினதும் முதல் பிடி சோறு போட்டது ஆதிரை என்கிற குடும்பப் பெண். நம்மள மாதிரி வீட்டுல இருக்கிறவள். அவள் கை பட்ட பிறகுதான் ஊர்ப்பசி தீர்ந்தது. அப்புறம் மணிமேகலை சிறைக்கே போய்ச் சோறு போட்டாள். என்ன வேணும் என்று ராஜா கேட்டதுக்கு, பொன்னு பொருள் கேட்கலை. சிறைச்சாலையை அறச்சாலையா மாத்துங்க என்றாள். கடைசியில் மழையில்லாமல் பஞ்சத்தில் கிடந்த காஞ்சிக்கு வந்தாள். 2019 வரைக்கும் நாமும் காஞ்சிபுரம் மாவட்டம்தானே!

இதை ஏன் சொல்றேன்? போன வருஷம் எங்க குழுவில் ஒரு அக்கா மூணு தவணை கட்டலை. “வாசல்ல போய் உட்காருவோம், நாலு பேர் பார்த்தாத்தான் புத்தி வரும்” என்று சொன்னது வேற யாரும் இல்லை, நான்தான். போனோம். மத்தியானம் ரெண்டு மணி. அடுப்பே பத்தவைக்கலை. படகு ரிப்பேராகி வீட்டுக்காரர் கடலுக்குப் போய் ஒரு மாசம் ஆச்சாம். அந்த நிலையிலும் எங்களுக்குச் சொம்பில் தண்ணி கொடுத்தாங்க. எனக்குத் தொண்டையில் இறங்கலை.

திரும்பி வந்து தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம்: ரெண்டு மாசம் தவணை தள்ளிவைப்பு, ஆளுக்கொரு படி அரிசி. இன்னும் அவங்களுக்கு ஒரு தவணை பாக்கி இருக்கு. கட்டிடுவாங்க.

கடன் வசூல் ஆகணும், இல்லைன்னா குழு நிற்காது. ஆனா வாசலில் கூட்டம் போடுறதுக்கு முன்னாடி “சாப்பிட்டியா?” என்று ஒரு வார்த்தை கேளுங்க. பறக்கிற மந்திரம் நமக்குத் தெரியாது. ஆதிரையோட அந்த ஒரு பிடி நம்ம கையிலேயே இருக்கு.