பாரிசில் ஒலித்த கைதட்டல்

காரைக்கால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததாலும், இணைப்பு உடன்படிக்கை 1962-இல் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள வாய்ப்பு அளிக்கப்பட்டதாலும், இவ்வூர்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிரான்சு உறவினர் வாழும் நாடாகவே விளங்குகிறது. அந்நாட்டின் தலைநகரான பாரிசின் வடபகுதியில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பெல் வட்டாரத்திற்குச் சற்று அப்பால் உள்ள போர்த் தெ லா ஷப்பெல் அரங்கில்தான் 2024 பாராலிம்பிக், அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான உலக விளையாட்டுப் போட்டியின் இறகுப்பந்தாட்டம் நடைபெற்றது. செப்டம்பர் 2 அன்று அங்கே, கைகளில் குறைபாடு உடையோர்க்கான எஸ்யூ5 பிரிவில் துளசிமதி முருகேசன் வெள்ளியும், மனிஷா ராமதாஸ் வெண்கலமும், உயரம் குறைந்தோர்க்கான எஸ்எச்6 பிரிவில் நித்யஸ்ரீ சிவன் வெண்கலமும் வென்றனர். மூவரும் தமிழ்நாட்டுப் பெண்கள் என்பது பெருமிதத்துடன் சொல்லத்தக்கது.

இறகுப்பந்தாட்டம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட டோக்கியோ பாராலிம்பிக் பெருந்தொற்றினால் 2021-இல் பொதுப் பார்வையாளர் இன்றி நடந்தமையால், கடல் கடந்து வந்து கைதட்டி ஊக்குவிக்கும் வாய்ப்பு உற்றாருக்குப் பாரிசில்தான் கிட்டியது. போட்டியாளருடன் செல்வோரில் சிலர் கைதட்டுவதோடு நில்லாமல் களத்திற்குள்ளேயே இறங்குகின்றனர்: பாரிசில், பார்வைக் குறைபாடு உடைய சிம்ரன் சர்மாவுடன் கயிற்றால் கைபிணைந்து ஓடிய வழிகாட்டி ஓட்டக்காரர் அபய் சிங், 200 மீட்டர் ஓட்டத்தின் வெண்கலத்தை அவருடன் பகிர்ந்துகொண்டார்.